கோவிந்தம்மா தாளில் மட்டும் சிவப்பு விழவில்லை

கோவிந்தம்மாவுக்குக் கோபம் வந்தால் அது முதலில் மீனுக்குத்தான் தெரியும். அரிவாள்மனையில் சங்கராவின் தலை வழக்கத்தைவிட இரண்டு விரற்கடை தள்ளிப் போய் விழும். அதைப் பார்த்த வாடிக்கைக்காரர்கள் ஒன்றும் பேசாமல் பையை நீட்டுவார்கள். அந்த வருஷம் ஆடியில் தொடங்கி ஐப்பசி வரைக்கும் அவள் கடையில் சங்கராத் தலைகள் தள்ளித்தான் விழுந்துகொண்டிருந்தன.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். அவள் வரைந்த படத்தில் யாரும் தப்புக் கண்டுபிடிக்கவில்லை. அதுதான் காரணம்.

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் பிறந்து, அதே குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். பெசன்ட் நகரில் கடற்கரைக்குப் போகிற ரோட்டோரம் இருபத்திரண்டு வருஷமாகக் குடை விரித்து மீன் விற்கிறாள். வயது நாற்பத்தாறு. படிப்பு எட்டாவது. புருஷன் டில்லிபாபு கடலுக்குப் போகிறவர், பேச்சுக் குறைவு. மகள் அஸ்வினி தி. நகரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள், அப்பா பேசாததையும் சேர்த்து அவளே பேசுவாள். கோவிந்தம்மா பென்சில் பிடித்துப் படம் போடுவாள் என்று இந்த இருவரும் கனவிலும் நினைத்ததில்லை. அவளே நினைத்ததில்லை.

மணிமொழி என்று ஒரு வாடிக்கை. முப்பத்து மூன்று வயது, செடிகொடிகளைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள். அடையாறு காந்தி நகரில் தன் வீட்டு மாடியில் சனிக்கிழமை தோறும் செடியைப் பார்த்து அச்சாக வரைவதற்கு வகுப்பு நடத்துகிறாள். வைகாசியில் ஒருநாள் கோவிந்தம்மா அந்த வீட்டுக்கு வவ்வால் மீன் கொண்டுபோய்க் கொடுத்தபோது, மேசைமேல் மணிமொழியே வரைந்த அடம்புக்கொடிப் படம் கிடந்தது. கடற்கரை மணலில் ஊதாப் பூவோடு படர்கிற கொடிதான். கோவிந்தம்மா அதைக் குனிந்து பார்த்துவிட்டு, அடம்பு இலை நுனி பிளந்து மாட்டுக் குளம்பு கணக்காக இருக்கும், இது வெற்றிலை கணக்காகக் கீதே என்றாள். மணிமொழி கோபித்துக்கொள்ளவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே மணலுக்குப் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து படத்தைக் கிழித்துப் போட்டு வேறு வரைந்தாள். இப்படிப்பட்ட கண் வீணாகக் கூடாது, நீங்களும் வகுப்புக்கு வாருங்கள் என்று மறுநாள் கடைக்கே வந்து கூப்பிட்டாள்.

சனிக்கிழமையில் மீன் வியாபாரம் மந்தம். பாதி ஊர் பெருமாளுக்கு என்று வாயைக் கட்டிவிடும். போய்த்தான் பார்ப்போமே என்று போனாள்.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. மூன்று மணிக்கு உட்கார்ந்தால் ஐந்து வரை எல்லோரும் வரைவார்கள். ஐந்தடித்ததும் அவரவர் படத்தை நீள மேசையில் வைத்து, மேலே ஒரு டிரேசிங் பேப்பரை மூடி, செடியைப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். பிறகு பன்னிரண்டு பேரும் சிவப்புப் பென்சிலோடு மேசையைச் சுற்றி வருவார்கள். செடியில் இருந்து படத்தில் இல்லாதது, படத்தில் இருந்து செடியில் இல்லாதது, இரண்டையும் அந்த மேல்தாளில் குறிக்க வேண்டும். 'நல்லா இருக்கு', 'நல்லா இல்லை' இரண்டும் எழுதக் கூடாது. கடைசியில் மணிமொழி வந்து குறிப்பாள். தாளை வீட்டுக்கு எடுத்துப் போய் அதை வைத்தே மறுபடி வரைந்து அடுத்த வாரம் கொண்டுவர வேண்டும். மேலே மூடிய தாள்தான் வாத்தியார், மனிதர்கள் இல்லை என்பது மணிமொழியின் பேச்சு.

சொல்லித் தப்பில்லை, நல்ல முறைதான் அது. திருவல்லிக்கேணியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிற முதஸ்ஸிர் பாய் அங்கே வந்துகொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்து கொடுக்கிற மனிதருக்கு வேப்பிலையைப் பார்த்து வரையத் தெரியவில்லை. முதல் மாதம் அவர் போட்ட வேப்பிலை தலைவாருகிற சீப்பு மாதிரி இருந்தது. அவருடைய மேல்தாள் வாரா வாரம் இரத்தக்களரியாகத் திரும்பிவரும். ஆவணி பிறப்பதற்குள் அதே மனிதர் வேப்பங்கொத்தை வரைந்து வைத்தால் கிள்ளி வாயில் போடலாம் போல் இருந்தது.

கோவிந்தம்மாவின் தாள் முதல் வாரம் வந்தபோது அதில் ஒரு சிவப்பு இதயம் இருந்தது, வேறொன்றும் இல்லை. இரண்டாவது வாரம் 'சூப்பர் அக்கா'. மூன்றாவது வாரம் மறுபடியும் இதயம், பக்கத்தில் சிரிக்கிற மூஞ்சி. எழுதக் கூடாது என்று விதி போட்ட இடத்தில் அவளுக்கு மட்டும் விதியைத் தளர்த்தி எழுதினார்கள். முதல் வாரம் சந்தோஷப்பட்டாள் என்பதை மறைப்பானேன்? அஸ்வினியிடம் காட்டினாள், அஸ்வினி அதைக் குப்பம் முழுக்கக் காட்டினாள். நான்காவது வாரம்தான் அரிக்கத் தொடங்கியது.

ஏனென்றால் அவளுக்குக் கண் இருந்தது. தான் வரைந்த நித்தியகல்யாணியையும் தொட்டியில் இருந்த நித்தியகல்யாணியையும் மாறி மாறிப் பார்ப்பாள். தொட்டியில் இருப்பது உயிரோடு இருந்தது. தாளில் இருந்தது செத்து ஒரு நாள் ஆன மாதிரி இருந்தது. எங்கேயோ தப்பு. எங்கே என்று மட்டும் பிடிபடவில்லை. அதைச் சொல்வதற்குத்தானே பன்னிரண்டு பேர் பென்சிலோடு சுற்றுகிறார்கள்? சுற்றி வந்து பூ போட்டுவிட்டுப் போனால் அவள் யாரிடம் போய்க் கேட்பாள்?

கெட்டிக்காரி, ஒரு வழி கண்டுபிடித்தாள். முதஸ்ஸிர் பாயின் தாளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அவருக்கு விழுந்த சிவப்பையெல்லாம் மனப்பாடம் செய்தாள். 'காம்பு தண்டில் ஒட்டவில்லை, காற்றில் நிற்கிறது' என்று அவருக்கு எழுதியிருந்தால், வீட்டுக்குப் போய்த் தன் படத்தில் காம்பைத் தேடுவாள். பார்த்தால் அங்கேயும் காற்றில்தான் நிற்கும். 'முன்னால் இருக்கிற இலைக்கும் பின்னால் இருக்கிற இலைக்கும் ஒரே கறுப்பு' என்று அவருக்குச் சொன்னதும் இவளுக்குப் பொருந்தியது. அடுத்த வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்த மருந்தை வாங்கிக் குடித்தே அவள் பாதி தேறினாள்.

புரட்டாசி வந்தது. மீன்காரர்களுக்கு ஈ ஓட்டுகிற மாதம். கோவிந்தம்மா குடைக்குக் கீழே உட்கார்ந்து தினக் காலண்டர் தாள்களின் முதுகில் வரைந்தாள். ஒரே தும்பைச் செடியைப் பதினைந்து தரம் வரைந்தாள். கையைக் கழுவிக் கழுவித் துடைத்தாலும் தாளில் செதில் ஒட்டிக்கொள்ளும். பென்சிலைச் சீவ மீன் கத்தியை எடுத்துவிட்டு, மேசைக்கு முன்னால் உட்கார்ந்து சாவகாசமாக வரைகிறவர்களை நினைத்து ஒரு வசவு வைவாள். பதினைந்தாவது தும்பை முதல் தும்பையைவிட நன்றாக இருந்தது. ஆனால் செடியைவிட மட்டம். அந்த இடைவெளிதான் அவளைத் தின்றது.

மணிமொழியைத் தனியாகப் பிடித்துக் கேட்டே விட்டாள். மணிமொழி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்கு இது தானாகவே வருகிறது, நான் ஏதாவது சொல்லி அதைக் கெடுத்துவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது என்றாள். தானாக வருகிறதாம்! பதினைந்து தும்பை போட்டுக் கழுத்து பிடித்துக்கொண்டு அமிர்தாஞ்சன் தடவியவளைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? வீட்டில் டில்லிபாபுவிடம் பொருமினாள். நாலு பேர் நல்லா கீதுன்னு சொன்னா வாங்கி வெச்சிக்கினு போவியா, அதுக்கும் ஒரு சண்டையா என்று அவர் வலையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதற்கு அடுத்த சனிக்கிழமைதான் அந்த வார்த்தை காதில் விழுந்தது. கொட்டிவாக்கத்திலிருந்து வருகிற ஒருத்தி, நிலா என்று பெயர், மாடிப்படியில் இன்னொருத்தியிடம் பேசிக்கொண்டு ஏறினாள். "பாவம், நாள்பூரா வெயில்ல மீன் வித்துட்டு வராங்க. அவங்க தாள்ல போய்க் கோடு போட எனக்குக் கை வரலப்பா" என்றாள். கோவிந்தம்மா கீழ்ப்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

பாவம்.

இருபத்திரண்டு வருஷ வியாபாரத்தில் அவளை 'திருடி' என்றிருக்கிறார்கள், 'வாய்க்காரி' என்றிருக்கிறார்கள், எடைக்கல்லைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பதில் கொடுத்திருக்கிறாள். பாவம் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்றுதான் இருந்தது. போகாமல் மாடி ஏறினாள், சோதித்துப் பார்த்துவிடுவது என்ற முடிவோடு.

அன்றைக்கு வரைய வைத்திருந்தது எருக்கு. பிள்ளையார் சதுர்த்திக்கு மயிலாப்பூர் குளக்கரையில் மாலை மாலையாகக் குவித்து வைத்து விற்பார்களே, அந்த எருக்கம்பூதான். ஐந்து இதழ், நடுவில் கிரீடம். குப்பத்தில் நடக்கத் தெரிந்த பிள்ளைகூட ஐந்து என்று சொல்லும். கோவிந்தம்மா ஆறு இதழ் போட்டாள். ஒரு பூவில் போட்டால் கை தவறியது என்று நினைப்பார்களோ என்று கொத்தில் இருந்த பதினொரு பூவிலும் ஆறு ஆறாகப் போட்டாள். போடும்போது கை கூசியது. ஒருநாளும் கெட்ட மீனை நல்ல மீனுக்கு அடியில் செருகாதவள் அவள். ஆனால் மற்ற எல்லாவற்றையும் கற்றதனைத்தையும் கொட்டி வரைந்தாள். இலையின் மாவு பூத்த வெளுப்பு, காம்பில்லாமல் தண்டைக் கட்டிக்கொள்கிற இலையின் அடி, எல்லாம் அச்சு அசலாக வந்தன.

ஐந்து மணிக்குச் சுற்றி வந்தார்கள். நிலா ஒரு நட்சத்திரம் போட்டாள். யாரோ 'அற்புதம்' என்று எழுதினார்கள். முதஸ்ஸிர் பாய் மட்டும் நெடுநேரம் நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார், உதட்டை அசைத்து எண்ணினார். பென்சிலைத் தாளுக்குக் கொண்டுபோனார். பிறகு கோவிந்தம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, பென்சிலை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். கடைசியில் மணிமொழி வந்தாள். கோவிந்தம்மாவின் தாள் என்றால் அவள் தாளைப் பார்ப்பதில்லை, கோவிந்தம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள். அன்றைக்கும் அப்படியே சிரித்துவிட்டு, ஓரத்தில் 'புத்தகத்துக்கு' என்று எழுதினாள்.

புத்தகம் என்பது அந்த வகுப்பு சேர்ந்து கொண்டுவர இருந்த ஒன்று. அடையாற்றுப் பக்கம் ரோட்டோரத்திலும் கடலோரத்திலும் முளைக்கிற இருபத்து நான்கு செடிகள், பக்கத்துக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே வரைந்தவர் பெயர். அதில் தன் பெயர் வர வேண்டும் என்று கோவிந்தம்மா ஆனி மாதத்திலிருந்தே ஆசைப்பட்டாள். வாயைத் திறந்து யாரிடமும் சொன்னதில்லை. தன் படத்தையும் மற்றவர்கள் படத்தைப் போலவே நோண்டிப் பார்த்து, சலித்து, தேறினால் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அந்த ஆசையோடு சேர்ந்ததுதான். இப்போது பெயர் வருகிறது, ஆறு இதழ் எருக்கோடு.

அவள் உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்றைக்கில்லாவிட்டாலும் வீட்டுக்குப் போயாவது பார்ப்பார்கள், அச்சுக்குக் கொடுக்குமுன் பார்ப்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். இதற்குள் அஸ்வினி 'எங்க அம்மா படம் புக்ல வருது' என்று வாட்ஸப் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டாள். ஏலத்துக்குப் போனால் மற்ற மீன்காரிகள், இன்னா கோவிந்தம்மா, இனிமே எங்ககிட்டல்லாம் பேசுவியா என்று கேட்டார்கள். வகுப்பில் ஒரு சனிக்கிழமை போனது. யாரும் வாய் திறக்கவில்லை.

அதற்கடுத்தது ஐப்பசி முதல் சனிக்கிழமை. பெய்து ஓய்ந்திருந்தது. அச்சுக்குப் போகிற பக்கங்களை மணிமொழி மேசையில் பரப்பியிருந்தாள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். முதஸ்ஸிர் பாயின் வேப்பங்கொத்துக்குக் கீழே அவர் பெயர் இருந்தது, அவ்வளவுதான். நிலாவின் சங்குப்பூவுக்குக் கீழே அவள் பெயர், அவ்வளவுதான். எருக்குக்கான பக்கத்தில் படம் பாதியாகச் சுருங்கிப் போயிருந்தது. மீதிப் பாதியில் கோவிந்தம்மா மீன் கூடையோடு நிற்கிற போட்டோ. அதன் கீழே உப்புக்காற்று, அலை, உழைத்துக் காய்த்த கை, அந்தக் கையில் பூத்த கலை என்று ஒரு முழம் நீளத்துக்கு எழுத்து.

கோவிந்தம்மா அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படித்தாள். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்து, பதினொரு பூவிலும் ஒவ்வொரு இதழை அடித்தாள்.

"ஆறு கீது" என்றாள். "எருக்கம்பூவுக்கு ஆறு எதழு போட்டுக் குடுத்து ரெண்டு வாரம் ஆவுது. வேணுன்னுதான் போட்டேன். ஒர்த்தராவது எண்ணீங்களா?"

முதஸ்ஸிர் பாய் தொண்டையைச் செருமினார். நான் பார்த்தேன்மா, சொன்னால் உன் மனசு கஷ்டப்படும் என்று விட்டுவிட்டேன் என்றார். உள்ளதைச் சொன்னார் பாவம், ஆனால் சொன்ன நேரம் சரியில்லை. கோவிந்தம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

"என் மனசு மேல உனக்கு இன்னா பாய் அக்கறை? உன் வேப்பெலய நான் சீப்புன்னு எழுதுனேனே, நீ இன்னா செத்தா பூட்ட? அத்த வெச்சித்தானே நீ கத்துக்கின. எனக்கு மட்டும் ஏன் குடுக்க மாட்ட?"

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நிலா சுவரைப் பார்த்தாள். மணிமொழி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், கோவிந்தம்மா விடவில்லை. நான்கு மாதத்து நெருப்பு, பாதியில் அணையுமா?

"டீச்சர், எங்கிட்ட மீன் வாங்க வர்றவங்க செவுளத் தூக்கிப் பாப்பாங்க, வயித்த அமுக்கிப் பாப்பாங்க, மோந்து பாப்பாங்க. நான் கோச்சிக்கமாட்டேன். அது எனக்கு மரியாத. செவுளத் தூக்காம வாங்கினு போறது ரெண்டு பேருதான். ஒண்ணு மீனு தெரியாதவங்க. இன்னொண்ணு பிச்ச போடறவங்க. நீ மீனு தெரியாதவ இல்ல."

மணிமொழியின் முகம் செத்துவிட்டது. கோபமா, அவமானமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. தாளை எடுத்து எண்ணினாள். பட்டம் வாங்கியவள், ஆறு என்று எண்ணி முடிக்க அவளுக்கு அரை நிமிஷம் ஆயிற்று. மன்னித்துவிடுங்கள் அக்கா என்று தொடங்கினாள். அந்த மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று கோவிந்தம்மா பையைத் திறந்தாள்.

பைக்குள் இருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். கீழாநெல்லி. காமாலைக்கு அரைத்துக் குடிக்கிற செடி, மழை விழுந்தால் சென்னையில் நடைபாதை இடுக்கிலெல்லாம் முளைக்கும். டில்லிபாபுவுக்கு ஒரு தடவை கண் மஞ்சளித்தபோது அவளே தேடிப் பறித்து மோரில் கலந்து கொடுத்திருக்கிறாள். புரட்டாசி முழுக்க, எருக்குத் திருட்டுத்தனத்துக்கு நடுவில், யாருக்கும் காட்டாமல் அதை வரைந்திருந்தாள். அவள் வரைந்ததிலேயே அதுதான் உசத்தி. அவளுக்குத் தெரியும்.

"இது மெய்யா போட்டது. இத்தப் பாரு" என்றாள்.

மணிமொழி மேல்தாளை மூடினாள். கோவிந்தம்மா ஈரக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்த செடியைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தாள். மணிமொழி லென்ஸை எடுத்தாள், உட்கார்ந்தாள். சிவப்பு விழ ஆரம்பித்தது. முதல் கோடு தண்டின் அடியில். இரண்டாவது வேரில். மூன்றாவது, நான்காவது. ஒவ்வொரு கோடும் விழும்போது கோவிந்தம்மாவுக்குச் சுருக் சுருக்கென்றது. இத்தனை நாள் கேட்டது இதைத்தான், வந்ததும் எரிச்சலாக இருந்தது. யாரோ தன் பிள்ளையைத் தன் கண்ணெதிரில் அடிப்பதை நின்று பார்ப்பது போல் இருந்தது.

ஐந்தாவது குறிக்கு அவள் சண்டைக்குப் போனாள். செடியில் இலை நுனி கூர் என்று மணிமொழி எழுதியிருந்தாள். கோவிந்தம்மா ஒரு இலையைக் கிள்ளி லென்ஸுக்குக் கீழே வைத்து, கூரா மொக்கையா, நீயே பார்த்துச் சொல் என்றாள். மணிமொழி பார்த்தாள். மொக்கைதான். ரப்பரை எடுத்து ஐந்தாவது குறியை அழித்தாள். கோவிந்தம்மாவுக்கு நான்கு மாதத்தில் முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது.

ஒன்பதாவது குறி கோடில்லை, வட்டம். படத்தில் இருந்த எல்லாக் கிளைகளையும் சேர்த்து ஒரே பெரிய வட்டமாகப் போட்டு, பக்கத்தில் 'காய்?' என்று எழுதினாள்.

காய்க்கு என்ன கேடு என்று கோவிந்தம்மா சீறினாள். கிளைக்குக் கிளை, இலைக்கு இலை, கடுகு கடுகாக வரிசை பிடித்து உட்கார வைத்திருந்தாள். படத்தில் அதுதான் அழகு. எண்ணிக்கையில் ஒன்றுகூடத் தவறு இல்லை, எண்ணிப் பார்த்துக்கொள் என்றாள்.

"எண்ணிக்கை சரி" என்றாள் மணிமொழி. "எல்லாக் காயும் மேல் பக்கமா இருக்கு. பாக்கிறவங்க கண்ணுக்குத் தெரியணும்னு திருப்பி வெச்சிருக்கீங்க. செடி யாருக்காகவும் திரும்பி நிக்கலக்கா."

கோவிந்தம்மா விறுவிறுவென்று படியிறங்கிக் கீழே போனாள். அந்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் ஓரம் கீழாநெல்லி கூட்டமாக முளைத்திருந்தது. புடவையைச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்து மேலிருந்து பார்த்தாள். இலை மட்டும்தான் தெரிந்தது. ஒரு காய் தெரியவில்லை. ஒரு கிளையை விரலால் நிமிர்த்தினாள். அடியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. பேரிலேயே கீழே என்று வைத்துக்கொண்டிருக்கிற செடியை அவள் மல்லாக்கப் போட்டு வரைந்திருக்கிறாள்.

எப்படி நடந்தது என்று உடனே தெரிந்துவிட்டது. குடைக்குக் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு கிளையாக ஒடித்துத் தட்டில் வைத்துத்தான் வரைந்தாள். தட்டில் வைத்த கை, காய் இருக்கிற பக்கத்தை மேலே திருப்பி வைத்தது. அவள் சொல்லாமலே வைத்தது. வயிறு கிழிந்த மீனைக் கிழிசல் அடியில் போகும்படித் திருப்பி அடுக்கி, பளபளக்கிற பக்கத்தை வாங்க வருகிறவளுக்குக் காட்டிக் காட்டி இருபத்திரண்டு வருஷம் பழகிய கை. தும்பையையும் நித்தியகல்யாணியையும் அந்தக் கைதான் தாளில் அடுக்கியிருக்கிறது. உயிரில்லாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான். கெட்ட மீனை அடியில் செருகாதவள் என்று தன்னைப் பற்றி அவ்வளவு பெருமை! மேலே நின்று செவுள், மரியாதை என்று பன்னிரண்டு பேரை வைதுவிட்டு வந்திருக்கிறாள். கோவிந்தம்மாவுக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறியது. இந்தத் தடவை அது போய் விழுவதற்கு வேறு ஆள் இல்லை. ஈரத் தரையிலிருந்து புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

திரும்பி மேலே வந்தபோது யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மணிமொழி பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். திங்கட்கிழமை காலை பக்கங்கள் அச்சுக்குப் போகின்றன என்றாள். எருக்கும் போக முடியாது, கீழாநெல்லியும் போக முடியாது. போட்டோவையும் எழுத்தையும் எடுத்துவிடுகிறேன் என்றாள். ஆறுதலாக ஒன்றும் சேர்க்கவில்லை.

அஸ்வினி வைத்த ஸ்டேட்டஸ் கோவிந்தம்மாவின் நினைவுக்கு வந்தது. ஏலத்தில் நாளைக் காலை கேட்கப் போகிறவர்களின் முகம் ஒவ்வொன்றாக வந்தது. வலித்தது. ஆனியிலிருந்து ஆசைப்பட்ட பெயர், கைக்கு வந்து போய்விட்டது, போக வைத்ததும் தானே. அழுகைகூட வந்தது, அதைக் காட்டவில்லை. நாற்காலியை இழுத்து மணிமொழிக்குப் பக்கத்தில் போட்டாள்.

"காயி கீழதான் கீது" என்றாள். "இன்னும் எத்தினி கீது?"

"இருக்குக்கா. ஏழெட்டு இருக்கு."

"போடு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மணிமொழி பென்சிலைக் கூராக்கிக்கொண்டு பத்தாவது குறியைப் போட்டாள். கோவிந்தம்மா குனிந்து பார்த்து, அது எப்படித் தப்பு என்று கேட்டாள்.